பொழுது படுமுன் மரூப்ரா

விஜயா தன்னுடைய பஸ்ஸில் மணலை ஏற்றுவதில்லை. பாடசாலைப் பிள்ளைகளானாலும் ஓய்வுபெற்ற கிழவர்களின் சுற்றுலாவானாலும், கடற்கரையிலிருந்து திரும்புகிறவர்கள் படியில் கால் வைக்குமுன் செருப்பைக் கழற்றித் தட்ட வேண்டும், துவாயை உதற வேண்டும், அவள் நீட்டுகிற தண்ணீர்ப் போத்தலில் கால் கழுவ வேண்டும். அதுவரைக்கும் கதவுக்குக் குறுக்கே ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பாள். குள்ளமான மனுஷிதான். ஆனாலும் அந்தக் கையைத் தாண்டி இதுவரை ஒருவரும் ஏறியதில்லை.

பஸ் ஓட்ட வருமுன் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பல வருடம் நின்றுகொண்டே பெட்டி அடைத்தவள். முழங்கால் இரண்டும் ஒன்றாய்ச் சொல்லிவைத்தாற்போல நோகத் தொடங்கியபோது, இருந்து செய்கிற வேலை ஒன்று வேண்டும், முன்னால் ஒரு பெரிய ஜன்னலும் வேண்டும் என்று யோசித்தாள். பெரிய வாகன லைசன்ஸ் எடுக்கப் போகிறேன் என்றபோது கணவர் அருந்தவன், "முதல்லை காரை ஒழுங்காப் பார்க் பண்ணப் பழகும்" என்றார். இரண்டு தடவை பெயிலானாள். மூன்றாம் தடவை பாஸாகி வந்த அன்று அவர் காரை வீட்டு வாசலில் இருந்து தானே எடுத்து ஓரமாய் விட்டுவிட்டு, அவளுக்கு இடம் விட்டார். இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. டூங்கபியிலிருந்து விடிய வெளிக்கிட்டு, சிட்னியின் எந்த மூலைக்கும் போவாள். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் வண்டியை எடுக்க மாட்டாள்.

அந்த மே மாதத்து வெள்ளிக்கிழமை அவளுக்குக் கிடைத்தது பதினான்கு பெண்பிள்ளைகள். பெல்ஜியத்தில் அன்ற்வேர்ப் என்ற நகரத்திலிருந்து வந்த யூதப் பிள்ளைகள். பதினைந்து, பதினாறு வயது. ஒரு மாதம் சிட்னியின் வடக்கே செயின்ட் ஐவ்ஸில் யூதக் குடும்பங்களோடு தங்கிப் பள்ளிக்கூடம் போவார்கள். பிறகு அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் அன்ற்வேர்ப்புக்குப் போய் அவர்களுடைய வீடுகளில் தங்குவார்கள். அன்றைக்கு நகரின் தெற்கு முனையில் குரொனலா கடற்கரைக்குப் பயணம். பொறுப்பாகக் கூட வந்தவள் ரிவ்கா. அவளும் அன்ற்வேர்ப்தான், இருபத்திரண்டு வயது இருக்கும், கழுத்தில் ஒரு விசில். இந்த ஊர் தெரிந்த ஒரு ஆசிரியையும் வந்திருக்க வேண்டும். காய்ச்சல் என்று அவர் காலையில் படுத்துவிட்டார்.

பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் விஜயாவின் காதுக்குள் போகிற எதுவும் அவளுடைய தமிழாக மாறாமல் உள்ளே தங்காது. ஆகவே ரிவ்காவும் அவளுக்கு அப்படித்தான் கேட்டாள்.

"பின்னேரம் மெழுகுதிரி ஏத்த முன்னம் பிள்ளையள் வீட்டை நிக்கவேணும். இண்டைக்கு வெள்ளிக்கிழமை. வேறை என்ன பிசகினாலும் பரவாயில்லை, இது மட்டும் பிசகக்கூடாது."

விஜயாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எனக்குச் சொல்லித் தரவேணுமோ? வெள்ளிக்கிழமையில நானும் விளக்கு வைக்கிறனான். யோசியாதையும்."

"அப்ப கடற்கரையை விட்டு எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும்?"

"மூண்டரைக்கு வெளிக்கிட்டாச் சரி."

ரிவ்காவும் தலையாட்டினாள். தெருவை அறிந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

குரொனலாவில் மணல்மேடுகளுக்கு அப்பால் ஆளில்லாத ஒரு பக்கம் உண்டு. அங்கேதான் இறங்கினார்கள். பிள்ளைகள் நீண்ட பாவாடையோடும் முழுக்கைச் சட்டையோடும் அப்படியே தண்ணீருக்குள் ஓடினார்கள். பாவாடைகள் காற்றுப் பிடித்து ஊதி, பதினான்கு குடைகள் மிதப்பதுபோல் ஒரு கணம் தெரிந்தது. பிறகு அலை வந்து எல்லாவற்றையும் மடக்கியது. கத்தினார்கள். இடுப்பளவுக்கு மேல் ஒருத்தி போனால் ரிவ்கா விசில் ஊதுவாள். சிட்னிக்காரர் குளிரத் தொடங்கிவிட்டது என்று கடலை மறந்திருக்கிற காலம் அது. அன்ற்வேர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீர் வெந்நீர் மாதிரி இருந்ததாம்.

விஜயா மடக்குக் கதிரையை விரித்துப்போட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தான் கொண்டுவந்த புட்டைச் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறிதான். பிள்ளைகள் தங்களுடைய பெட்டிச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். முதலில் விஜயா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களை அவள்தான் திருத்தினாள்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டால் பொலிஸ்காரன் கூப்பிடுற மாதிரி இருக்கு. அன்ரி எண்டு சொல்லுங்கோ."

"அன்ரி, நீங்கள் எந்த ஊர்?"

"டூங்கபி."

"டூங்கபி!" அந்தச் சொல் அவர்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. ஒரு அலை வரும்போதெல்லாம் "டூங்கபீ" என்று கத்திக்கொண்டு குதித்தார்கள். இத்தனை வருடத்தில் தான் இருக்கிற புறநகரின் பேரைக் கேட்டு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதை விஜயா கண்டதில்லை.

மூன்று மணி தாண்டியிருக்கும். தெஹிலா என்ற பிள்ளை, சுருட்டை முடிக்காரி, பல்லுக் கிடுகிடுக்க முதலில் கரைக்கு வந்தாள். துவாயைப் போர்த்துக்கொண்டு விஜயாவின் கதிரைக்குப் பக்கத்தில் மணலில் இருந்து, ஒரு ஊறுகாய் வெள்ளரிக்காயைக் கடித்தாள்.

"ரிவ்கா சொன்னவா, நீங்களும் வெள்ளிக்கிழமை விளக்கேத்துறனீங்கள் எண்டு. எத்தினை விளக்கு?"

"ஒண்டு. ரெண்டு திரி."

"கண்ணைப் பொத்துவியளோ?"

"ஏன் பொத்த? பாத்துத்தானே கும்பிடுறது."

"நாங்கள் பொத்துவம். ஏத்திப்போட்டு, கண்ணைப் பொத்தி, பிறகுதான் பாக்கிறது." கடித்த வாயோடு யோசித்தாள். "எத்தினை மணிக்கு ஏத்துவியள்?"

"மணி பாக்கிறேல்லை. பொழுது பட்டு, மைம்மலாகி வரேக்கை. வெளிச்சம் இருக்கேக்கை விளக்கு என்னத்துக்கு?"

தெஹிலா கடிப்பதை நிறுத்தினாள்.

"பொழுது பட்டாப் பிறகோ?"

"ஓம்."

"அன்ரி, பொழுது பட்டால் எங்களுக்கு நெருப்புத் தொடக்கூடாது. ஃபோன் தொடக்கூடாது. வாகனத்திலை இருக்கவும் கூடாது. சனிக்கிழமை ராத்திரி வரைக்கும். அதுக்கு முன்னமே ஏத்திப்போட வேணும்."

விஜயா சூரியனைப் பார்த்தாள். காலையில் கணக்குப் போட்டபோது அவள் மனதில் வைத்திருந்தது டூங்கபியில் தன் சாமியறை ஜன்னல் கறுக்கிற நேரம். அந்த நேரத்துக்குச் செயின்ட் ஐவ்ஸில் இருக்கலாம் என்றுதான் மூன்றரை சொன்னாள். இந்தப் பிள்ளைகளின் வெள்ளிக்கிழமை அதற்கு எவ்வளவோ முன்னமே கதவைச் சாத்திவிடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. விளக்கு என்றால் இருட்டினாப் பிறகு என்பது அவளுக்குத் தண்ணீர் ஈரம் என்பது மாதிரி.

"ரிவ்காவைக் கூப்பிடு" என்றாள். "கெதியா."

ரிவ்கா ஃபோனைப் பார்த்தாள். மெழுகுதிரி நேரம் தெரியும். அது அவளுக்குக் காலையிலேயே தெரிந்த விஷயம். தெரியாமல் இருந்தது பாதைதான். வெள்ளி பின்னேர வாகன நெரிசலில் செயின்ட் ஐவ்ஸுக்கு எவ்வளவு நேரம் என்று அது காட்டியதும் முகத்தில் இருந்த வெயில் முழுக்கப் போய்விட்டது.

"நீங்கள் மூண்டரை எண்டு சொன்னியள்!"

"நான் என்ரை விளக்குக்குச் சொன்னனான்."

"இப்ப வெளிக்கிட்டாலும் போய்ச் சேரேலாது."

"வழியிலை பொழுது பட்டால் என்ன செய்வியள்?"

"பஸ்ஸை நிப்பாட்டி இறங்கி நடப்பம்."

"எங்கை?"

"எங்கை நிக்குதோ, அங்கையிருந்து."

விஜயாவின் மனதில் விமான நிலையத்துக்குப் பக்கத்து நெடுஞ்சாலை வந்தது. லொறிகளுக்கு ஓரமாக, ஈரப் பாவாடையோடு வரிசையாய்ப் பதினான்கு பிள்ளைகள், முன்னால் விசிலோடு ரிவ்கா. அந்தப் படத்தை அவளால் ஒரு விநாடிக்கு மேல் பார்க்க முடியவில்லை.

"பதினாலு அம்மாமார்" என்றாள் ரிவ்கா. குரல் உடைந்தது. "ஒவ்வொருத்தரும் என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னவை. முதல் வெள்ளிக்கிழமையே..."

"அழுறதை பஸ்ஸுக்கை வைச்சுக்கொள்ளுவம். விசிலை ஊதும்."

விசில் கேட்டுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேர் மணல்மேட்டுக்கு அப்பால் வீடியோ எடுக்கப் போயிருந்தார்கள். விஜயா வெறுங்காலோடு பஸ்ஸுக்கு ஓடி ஹோர்னை அமத்திப் பிடித்தாள். மேட்டின் உச்சியில் இரண்டு தலைகள் முளைத்து, உருளாத குறையாக இறங்கி வந்தன. பஸ் வாசலில் ஒரு பிள்ளை விஜயா காலையில் சொல்லிவைத்ததை மறக்காமல் செருப்பைக் கழற்றி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தட்டவோ, அன்ரி?"

"ஏறு பிள்ளை!"

மணல் ஏறியது. வாளி வாளியாக ஏறியது. விஜயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியபோதுதான் அந்த யோசனை வந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அவள் மரூப்ராவில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள். அந்தத் தெருக்களில் தொப்பி வைத்த அப்பாமாரையும், நீளப் பாவாடை அம்மாமாரையும், இரட்டைப் பிள்ளை வண்டில்களையும் கடக்க விட்டு எத்தனை தடவை பிரேக் பிடித்திருப்பாள்.

"செயின்ட் ஐவ்ஸை விடும்" என்றாள் ரிவ்காவிடம். "மரூப்ராவிலை உங்கடை ஆக்கள் இருக்கினம். அது கிட்ட."

"மரூப்ராவிலை எனக்கு ஒருத்தரையும் தெரியாதே."

"தெரிஞ்சிருக்க வேணுமோ?"

ரிவ்கா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு மெல்லமாகத் தலையசைத்தாள். "இல்லை. தேவையில்லை." அங்கே ஒரு வீடு பிடித்துத் தரச்சொல்லி, காய்ச்சலில் கிடந்த ஆசிரியைக்கு ஃபோன் அடித்தாள்.

பாலம் தாண்டிக் கடலோரத் தெருவுக்கு ஏறும்போது கம்பனியிலிருந்து அழைப்பு வந்தது. வண்டிகளைக் கணினியில் பார்த்துக்கொண்டிருக்கிற நரேன், கோயம்புத்தூர்ப் பொடியன். ஸ்பீக்கரில் அவனுடைய குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"அக்கா, என்னக்கா வண்டி மரூப்ரா பக்கம் திரும்புது? செயின்ட் ஐவ்ஸ்தானே புக்கிங்?"

"தம்பி, பொழுது பட முன்னம் இந்தப் பிள்ளையளை இறக்கவேணும்."

"இறக்கலேன்னா?"

"இறங்கி நடப்பினம்."

"ஐயோ, யாரு? எங்க? அக்கா, இன்சூரன்ஸ்..."

"அதுதான் ஓடுறன்."

"வேகமா ஓட்டாதீங்கக்கா! எனக்கு இங்க ஸ்பீடு காட்டுது!"

"அப்ப அதைப் பாத்துக்கொண்டு சத்தம் போடாமல் இரு ராசா."

தமிழ் விளங்காவிட்டாலும் பிள்ளைகள் சிரித்தார்கள். திட்டு வாங்குகிற குரல் எந்த மொழியிலும் ஒன்றுதான் போலும்.

கொஞ்சத்தில் ரிவ்காவின் ஃபோன் அடித்தது. ஒரு பெண், மூச்சு வாங்குகிற குரல், பின்னால் பாத்திரச் சத்தம்.

"நான் ஹன்னா, மரூப்ராவிலை இருந்து. எத்தினை பேர்?"

"பதினாலு. என்னோடை பதினைஞ்சு."

அங்கே பாத்திரச் சத்தம் நின்றது. ரிவ்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பதினைஞ்சுதானோ? எனக்கு இருவது எண்டு சொல்லிப்போட்டாங்கள். சூப்புக்குத் தண்ணி விட்டிட்டன். சரி, பரவாயில்லை, கெதியா வாங்கோ."

விமானம் ஓடுகிற பாதைக்குக் கீழே தெரு சுரங்கப்பாதைக்குள் இறங்குகிற இடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. முன்னால் சிவப்பு விளக்குகள் மட்டும். தலைக்கு மேல் ஒரு விமானம் சக்கரத்தைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு போனது. சூரியன் இப்போது பக்கக் கண்ணாடிக்குள் இருந்தது. பின்னால் வருகிற இன்னொரு வண்டி மாதிரி, முந்துவதற்கு இடம் பார்த்துக்கொண்டு.  பிள்ளைகளில் ஒருத்தி மெதுவாக ஏதோ பாடத் தொடங்க, மற்றவர்கள் குரலைத் தாழ்த்திச் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கணவர் அருந்தவனின் ஃபோன்.

"எத்தினை மணிக்கு வருவீர்?"

"தெரியாது. விளக்கை நீங்கள் வையுங்கோ."

"நானோ?"

"ஏன், கை இல்லையோ? திரி மேசை லாச்சிக்கை கிடக்கு. தோய்ஞ்சு குளிச்சுப்போட்டுத் தொடுங்கோ."

"பொழுது பட்டாப் பிறகுதானே?"

விஜயா கண்ணாடியைப் பார்த்தாள். "ஓம். நாங்கள் பொழுது பட்டாப் பிறகுதான்."

வரிசை அசைந்தது. சுரங்கப்பாதைக்குள் போய் மறுபக்கம் ஏறினார்கள். ரிவ்கா ஃபோனைப் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"மெழுகுதிரி நேரம் போயிட்டுது."

விஜயா கண்ணாடியில் சூரியனைத் தேடினாள். "முடிஞ்சுதோ?"

"இல்லை. திரி ஏத்துற நேரத்துக்கும் பொழுது படுறதுக்கும் இடையிலை கொஞ்சம் விட்டு வைச்சிருக்கினம். அந்தக் கொஞ்சம் எங்களை மாதிரி ஆக்களுக்கு."

"ஆர் வைச்சது?"

"பெரியாக்கள். முந்தி."

"நல்ல பெரியாக்கள்" என்றாள் விஜயா. துறைமுகத் தெருவில் லொறிகளுக்கு நடுவே, சட்டம் விட்ட கடைசி எல்லை வரைக்கும் மிதித்தாள்.

ஹன்னாவின் வீட்டு வாசலில் பல வயதுகளில் பிள்ளைகள் படிக்கட்டு மாதிரி நின்றார்கள். பஸ் முழுதாய் நிற்குமுன் விஜயா கதவைத் திறந்தாள். ஃபோன்கள் எல்லாம் ஒரு பையில் விழுந்தன. ஈரப் பாவாடைகள் சப்புச் சப்பென்று நடைபாதையில் அடிக்க ஓடினார்கள். விஜயா படியிலேயே நின்றுகொள்ளப் பார்த்தாள். தெஹிலா திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே, கேக் சுடுகிற ஒரு பெரிய தட்டில் மெழுகுதிரிகள் நெருங்கி நின்றன. கிடைத்தது எல்லாவற்றையும் எடுத்து நட்டிருந்தார்கள். கட்டை, நெட்டை, பிறந்தநாள் கேக்கில் வைக்கிறதுகூட இரண்டு. நெருப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடியது. கடைசித் திரியும் பற்றியதும் எல்லோரும் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்கள். வீடு அமைதியானது.

விஜயா கண்ணைப் பொத்தவில்லை. யாராவது ஒருவர் பார்க்கத்தான் வேண்டும். திரிகளைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே எதிர் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். ஓட்டின் உச்சியில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. அது மெல்ல மெல்ல ஒடுங்கி இல்லாமல் போகும்வரைக்கும் அசையாமல் நின்றாள். 

ரிவ்கா கையை எடுத்தபோது முகம் நனைந்திருந்தது, ஆனால் சிரித்தாள். ஏதோ ஒரு வாழ்த்துச் சொல்லை ஒவ்வொருவரும் மற்றவருக்குச் சொன்னார்கள். விஜயாவுக்கும் சொன்னார்கள். அவள் "உங்களுக்கும், உங்களுக்கும்" என்றாள்.

ஹன்னா அவளுக்கு வீட்டைக் காட்டினாள். நிலம் முழுக்க மெத்தை விரித்த ஒரு நீள அறையில் வந்து நின்று, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"பதினைஞ்சு பேர் ஈரத் தலையோடை இஞ்சை படுக்கப்போகினம். சரியான குளிர்."

"ஓம், குளிர்தான்" என்றாள் விஜயா.

ஹன்னா போகவில்லை. "சுவரிலை ஒரு ஹீட்டர் இருக்கு."

"ஓம். வடிவான ஹீட்டர்."

"நல்லா வேலை செய்யும். ஆராவது போட்டால்."

பின்னால் தெஹிலா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அப்போதுதான் விஜயாவுக்குப் பிடிபட்டது. பொழுது பட்டுவிட்டது. இந்த மனுஷி சுவிட்சைத் தொடவும் கூடாது, தொடச்சொல்லி இன்னொருவரைக் கேட்கவும் கூடாது. டூங்கபிக்குப் பக்கத்துக் கிரவீனில் அவளுக்கு ஒரு மச்சாள் உண்டு, சிவனேஸ்வரி. வாழ்நாளில் ஒருநாளும் தேத்தண்ணி வேண்டும் என்று கேட்டதில்லை. வந்து கதிரையில் இருந்து, "உங்கடை கேத்தில் புதுசு போலை" என்பாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்கு இது பெரிய பாடமா?

"எனக்கும் குளிருது" என்று அறைக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டு, விஜயா போய் ஹீட்டரைப் போட்டாள். ஹன்னா அதைக் காணாதவள்போல் வேறு பக்கம் பார்த்து, மனம் நிறைந்த முகத்தோடு சூப்பைப் பார்க்கப் போனாள்.

ஒரு கிண்ணம் சூப்பைக் குடித்துவிட்டுப் போகலாம் என்றார்கள். கோழி. தனக்கு வெள்ளி மரக்கறி என்றாள் விஜயா. விரதம் என்றால் அங்கே ஒருவருக்கும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. பின்னல் போட்ட ரொட்டியில் ஒரு பெரிய துண்டைத் கை துடைக்கிற தாளில் சுற்றிக் கையில் வைத்தார்கள். இன்னும் சூடாக இருந்தது.

ரிவ்கா கேற்றுவரைக்கும் வந்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. விஜயாவின் மைம்மல்.

"நான் முதலே விபரமாக் கேட்டிருக்கவேணும்" என்றாள் விஜயா.

"நானும்தான். ரெண்டு பேரும் விளக்கு எண்டதும் சந்தோஷத்திலை மிச்சத்தைக் கேக்காமல் விட்டிட்டம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ரிவ்கா தெருவைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் இல்லாத மாதிரி சொன்னாள்:

"நாளைக்குப் பின்னேரம் வானத்திலை மூண்டு நட்சத்திரம் வந்து எல்லாம் முடிஞ்சாப் பிறகு, இந்தக் கேற்றிலை பதினைஞ்சு பேர் துவாயோடை நிப்பினம்."

"ஏன் நிப்பினம்?"

"சும்மா. காத்து வாங்க."

நாளை விஜயாவுக்கு லீவு. நரேனைக் காலையில் எழுப்பி வண்டி கேட்க வேண்டும். அவன் முதலில் ஐயோ என்பான், பிறகு தருவான். "நாளைக்கு எனக்கும் இந்தப் பக்கத்தாலை ஒரு அலுவல் கிடக்கு" என்றாள். இரண்டடி போய்விட்டுத் திரும்பினாள். "இந்த முறை கேட்டுப்போட்டுத்தான் போவன். மூண்டு நட்சத்திரம் எண்டால் எத்தினை மணி?"

"ஆறுக்குள்ளை வந்திடும்."

"என்ரை ஆறோ, உங்கடை ஆறோ?"

"எல்லாருக்கும் ஒரே ஆறு, அன்ரி" என்றாள் ரிவ்கா.